காத்துல என்னென்ன வாயு இருக்குன்னு பசங்களுக்கு எப்படி சொல்லிக் குடுக்கறது? மெழுகுவர்த்தியை விட்டுட்டு துருவுல ஆரம்பிங்க

டீச்சர், உங்க கேள்வியை நான் புரிஞ்சுகிட்ட மாதிரி மொதல்ல சொல்லிடறேன். ஏழாம் வகுப்புக்கு காத்துல இருக்கற வாயுக்கள் பாடம் எடுத்தீங்க. தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல மெழுகுவர்த்தி ஏத்தி மேல கண்ணாடி டம்ளரைக் கவுத்தீங்க, தீ அணைஞ்சுது, தண்ணி உள்ள ஏறுச்சு, "ஆக்சிஜன் தீந்து போன இடத்துக்கு தண்ணி வந்துருச்சு, அதான் அஞ்சுல ஒரு பங்கு"ன்னு சொன்னீங்க. உடனே ஒரு பையன் ரெண்டு மெழுகுவர்த்தி வெச்சுப் பாத்துட்டு "மிஸ், இப்ப தண்ணி இன்னும் மேல ஏறுதே, டம்ளருக்குள்ள ஆக்சிஜன் கூடிருச்சா"ன்னு கேட்டான், உங்களுக்கு பதில் வரல. ஸ்கூல்ல லேப்னு ஒண்ணு கிடையாது, கையில இருக்கறதை வெச்சு இந்தப் பாடத்தை எப்படி உருப்படியா நடத்தறதுன்னு கேக்கறீங்க.

அந்தப் பையன் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. நாளைக்கே வகுப்புல எல்லார் முன்னாடியும் "நீ பாத்தது சரி, நான் சொன்ன விளக்கம்தான் சரியில்லை"ன்னு சொல்லிடுங்க. இதுல உங்க மரியாதை ஒண்ணும் குறைஞ்சு போயிடாது, நான் பதினோரு வருஷம் அதே விளக்கத்தை சொல்லித்தான் நடத்திட்டு இருந்தேன், எனக்கும் ஒரு பொண்ணுதான் கேள்வி கேட்டு நிறுத்தினா. அவ கேட்டது வேற மாதிரி. "சார், தீ எரியறப்ப தண்ணி பேசாம இருக்கு, அணையறப்ப மட்டும் ஏன் சடார்னு ஏறுது"ன்னா. அன்னைக்கு ராத்திரி வீட்ல உக்காந்து திரும்பத் திரும்ப செஞ்சு பாத்தேன், அவ சொன்னது அப்படியே சரியா இருந்துச்சு.

உள்ள நடக்கறது இதுதான். மெழுகுவர்த்தியைச் சுத்தி இருக்கற காத்து சூட்டுல விரிஞ்சு இருக்கும், டம்ளரைக் கவுத்தும்போது நாம உள்ள பிடிக்கறதே அந்த சூடான காத்தைத்தான், போதாததுக்கு கவுத்தின கொஞ்ச நேரத்துல விளிம்பு வழியா சில குமிழி வெளிய போறதையும் உத்துப் பாத்தா பாக்கலாம். தீ அணைஞ்ச உடனே உள்ள இருக்கற காத்து குளிர்ந்து சுருங்குது, எரிஞ்சப்ப உண்டான நீராவி டம்ளர் சுவத்துல பனி மாதிரி படிஞ்சிடுது, உள்ள அழுத்தம் குறையுது, வெளிக் காத்து தண்ணியை அழுத்தி உள்ள ஏத்துது. தண்ணி ஏறினதுக்கு பெரும்பங்கு காரணம் இந்த சூடும் குளிர்ச்சியும்தான். ரெண்டு மெழுகுவர்த்தின்னா சூடு ஜாஸ்தி, அதனால ஏத்தமும் ஜாஸ்தி. ஆக்சிஜன் செலவாகறது மட்டும் காரணமா இருந்தா எத்தனை மெழுகுவர்த்தி வெச்சாலும் ஒரே மட்டத்துலதான் நிக்கணும், அதுவும் எரிய எரிய கொஞ்சம் கொஞ்சமா ஏறணும்.

கணக்குப் போட்டுப் பாத்தா இன்னும் தெளிவாத் தெரியும். மெழுகுவர்த்தி உள்ள இருக்கற ஆக்சிஜன் மொத்தத்தையும் தீத்துட்டு அணையறது இல்லை. 21 சதவீதம் இருக்கறது கிட்டத்தட்ட 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே அணைஞ்சிடும், செலவானது சுமார் 5 சதவீதம்தான். அந்த 5லயும் ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு இடத்துல கார்பன் டை ஆக்சைடு வந்து உக்காந்துக்குது, அது அவ்வளவு சீக்கிரம் தண்ணில கரையறதும் இல்லை. ஆக மொத்தம் ஆக்சிஜனால காத்து குறையறது ரெண்டு சதவீதம்கூட தேறாது. மெழுகுவர்த்தியை வெச்சுகிட்டு அஞ்சுல ஒரு பங்கு வந்துருச்சுன்னா அது தற்செயல். இந்த சோதனை ரொம்பப் பழசு, கிமு மூணாம் நூற்றாண்டுல பைசாண்டியம் ஊரைச் சேர்ந்த ஃபிலோங்கறவர் செஞ்சதா குறிப்பு இருக்கு, அந்தப் பழக்கத்துலயே கைமாறி கைமாறி நம்ம வகுப்பு வரைக்கும் வந்துருச்சு. எரியறதுக்கு காத்து வேணும், மூடினா அணையும்னு காட்ட இதை தாராளமா வெச்சுக்கங்க. அளவு சொல்றதுக்கு மட்டும் வேண்டாம்.

அளவுக்கு துருதான் சரியான வழி. இரும்பு துருப்பிடிக்கறப்ப ஆக்சிஜனை மட்டும்தான் எடுத்துக்கும், பதிலுக்கு எந்த வாயுவையும் வெளிய விடாது, சூடும் உணர்ற அளவுக்கு ஏறாது. மெழுகுவர்த்தில இருக்கற மூணு குழப்பமும் இதுல இல்லை.

பொருள் சேக்கறதுல ஒரு இடத்துல ஏமாந்துடாதீங்க. புஸ்தகத்துல இரும்புக் கம்பளின்னு போட்டிருப்பாங்க, உடனே கடைக்குப் போயி பாத்திரம் தேய்க்கற கம்பி நார் வாங்கிட்டு வருவோம், அது பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஒரு மாசம் ஆனாலும் துருப்பிடிக்காது. நான் மொத தடவை அப்படித்தான் ஒரு வாரம் காத்துகிட்டு இருந்தேன். அதுக்குப் பதிலா பக்கத்துல இருக்கற லேத் பட்டறைல போயி கேளுங்க, இரும்புத் துருவல் சாக்குல கிடக்கும், ஒரு பிடி சும்மாவே குடுப்பாங்க. அதுல எண்ணெய் ஒட்டியிருக்கும், சோப்புத் தண்ணில நல்லா அலசி எடுக்கணும். லேத் பட்டறை இல்லாத ஊர்னா வீடு கட்டற இடத்துல கம்பி கட்டறதுக்கு வெச்சிருக்கற கட்டுக்கம்பி போதும், அதைப் பொடிசா நறுக்கி சுருட்டிக்கலாம், ஆனா துருவலை விட மெதுவா நடக்கும். எதுவா இருந்தாலும் பத்து நிமிஷம் வினிகர்ல ஊறப்போட்டு, அப்புறம் தண்ணில அலசி, ஈரத்தோடயே எடுத்துக்கங்க, அப்பத்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அகலமா இருக்கற உயரமான கண்ணாடி டம்ளர் மூணு எடுங்க, சோதனைக் குழாய் கிடைச்சா இன்னும் நல்லது. மொத டம்ளர்ல இரும்பே போடாதீங்க. ரெண்டாவதுல ரெண்டு ஸ்பூன் துருவலை அடில ஒட்டற மாதிரி அமுக்கி வைங்க, விழுந்துடும்னா ஒரு துணி வலைல கட்டி செருகிடுங்க. மூணாவதுல நாலு ஸ்பூன். மூணையும் தண்ணி ஊத்தின தட்டுல கவுத்து, வெளிப்பக்கம் ஒரு காகித நாடாவுல கோடு போட்டு ஒட்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பீரோ மேல வெச்சுட்டுப் போயிடுங்க. தண்ணி வத்திடாம தட்டுல நிறையவே ஊத்தி வைங்க. திங்கட்கிழமை காலைல இரும்பு இல்லாத டம்ளர்ல தண்ணி ஏறக்குறைய அப்படியே இருக்கும். மத்த ரெண்டுலயும் அஞ்சுல ஒரு பங்கு கிட்ட ஏறியிருக்கும், ரெண்டுலயும் ஒரே மட்டம். அங்கதான் உங்க பையனோட கேள்விக்கு பதில் இருக்கு. மெழுகுவர்த்தியை ரெண்டாக்கினா தண்ணி இன்னும் மேல ஏறுச்சு, இரும்பை ரெண்டு மடங்காக்கினா அதுக்கு மேல ஏறல, ஏன்னா எடுக்கறதுக்கு உள்ள இருக்கற ஆக்சிஜன் அவ்வளவுதான்.

இன்னும் மூணு நாள் விட்டு வெச்சாலும் மிச்ச நாலு பங்கு குறையவே குறையாது. அதை பசங்க கண்ணால பாக்கணும். அப்புறம் ஒரு டம்ளரை தண்ணிக்குள்ளயே ஒரு அட்டையால வாயை மூடி நிமித்தி, எரியற தீக்குச்சியை உள்ள விடுங்க, பட்டுனு அணைஞ்சிடும். கார்பன் டை ஆக்சைடு பட்டா பால் மாதிரி ஆகற சுண்ணாம்புத் தண்ணியை (செய்யற விதம் கீழ சொல்றேன்) கொஞ்சம் ஊத்திக் குலுக்கினா பால் மாதிரி ஆகாது. ஆக அது ஆக்சிஜனும் இல்லை, கார்பன் டை ஆக்சைடும் இல்லை, வேற என்னமோ ஒண்ணுன்னு பசங்களே சொல்லிடுவாங்க, நைட்ரஜன்ங்கற பேரை அப்பச் சொல்லுங்க. பேரை மொதல்ல சொல்லிட்டு பொருளை அப்புறம் காட்டறதை விட இது எவ்வளவோ மேல்.

அளந்தா சரியா 21 வருமான்னு கேப்பீங்க. எனக்கு 17 வந்திருக்கு, 22ம் வந்திருக்கு. வந்ததை அப்படியே நோட்டுல எழுதச் சொல்லுங்க, திருத்தி 21ன்னு போட விடாதீங்க. பாரிஸ்ல லவாய்சியர்ங்கற வேதியியல் விஞ்ஞானி பாதரசத்தை பன்னெண்டு நாள் சூடு பண்ணிகிட்டே இருந்து இதே வேலையைத்தான் செஞ்சார், 50 கன அங்குலம் காத்து 42, 43 ஆச்சுன்னு எழுதி வெச்சார், அதாவது ஆறுல ஒரு பங்கு. அதுக்கப்புறம் அவர் செஞ்சதுதான் அழகு, பாதரசத்து மேல படிஞ்ச செவப்புப் பொடியைத் தனியா எடுத்து இன்னும் நல்லா சூடு பண்ணி, போன வாயுவைத் திரும்ப எடுத்தார், அது ஏறக்குறைய அந்த 7, 8 கன அங்குலமே வந்துச்சு, மிச்சக் காத்தோட கலந்தா பழையபடி சாதாரணக் காத்து. ஆக்சிஜனைத் தனியா பிடிச்சதுல இங்கிலாந்துல பிரீஸ்ட்லி 1774 ஆகஸ்ட் 1ம் தேதி லென்ஸ் வெச்சு வெயில்லயே அந்த செவப்புப் பொடியை சூடாக்கி செஞ்சதும், அவருக்கு முன்னாடியே ஸ்வீடன்ல ஷீலே செஞ்சுட்டு 1777ல தாமதமா அச்சுல போட்டதும் உண்டு. நைட்ரஜனை 1772ல எடின்பரோல டேனியல் ரூதர்ஃபோர்டு பிரிச்சார். வருஷத்தையெல்லாம் பசங்க மனப்பாடம் பண்ண வேண்டாம், கதையா சொன்னா போதும்.

இப்ப சதவீதம். 78, 21, 1ன்னு போர்டுல எழுதினா அது பசங்க மண்டைல நம்பராத்தான் நிக்கும். நான் கிராஃப் ஷீட் குடுத்துடுவேன். நம்ம கடைல விக்கற மில்லிமீட்டர் கிராஃப் ஷீட்ல 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் போட்டா உள்ள 10,000 குட்டிக் கட்டம் இருக்கும். அதுல 7,808 கட்டம் நைட்ரஜன், 2,095 கட்டம் ஆக்சிஜன், 93 கட்டம் ஆர்கான், 4 கட்டம் கார்பன் டை ஆக்சைடு, கூட்டிப் பாருங்க, சரியா பத்தாயிரம் வந்துடும். நாலு கலர் பென்சில் போதும். கடைசி நாலு கட்டத்தை செவப்புப் பேனா முனையால புள்ளி வெச்சாலே முடிஞ்சிடும். அந்த நாலு புள்ளியைக் காட்டி, நீ சாப்பிடற சோறு, வாழைப்பழம், இந்த பெஞ்சு செஞ்ச மரம் எல்லாத்துலயும் இருக்கற கார்பன் இந்த நாலு கட்டத்துல இருந்து வந்ததுதான்னு சொல்லுங்க. மரம் மண்ணைத் தின்னு வளருதுன்னுதான் பெரியவங்களே நிறைய பேர் நெனச்சுகிட்டு இருக்காங்க. மண்ணுல இருந்து வர்றது தண்ணியும் கொஞ்சம் உப்புச் சத்தும்தான், மரத்தோட காஞ்ச எடைல பெரும்பகுதி காத்துல இருந்து வந்தது.

அந்த நாலு கட்டத்துல இன்னொரு சேதி இருக்கு. பசங்களோட அப்பா அம்மா படிச்ச புஸ்தகத்துல கார்பன் டை ஆக்சைடு 0.03 சதவீதம்னு இருக்கும், இப்ப 0.04ன்னு இருக்கு. வீட்ல "தப்பு, 0.03தான்"னு சொல்லி அனுப்பிச்ச அப்பாக்கள் உண்டு, ரெண்டுமே அந்தந்தக் காலத்துக்கு சரி. 1958ல சார்லஸ் கீலிங் ஹவாய் தீவுல மௌனா லோவா மலை மேல அளக்க ஆரம்பிச்சப்ப பத்து லட்சத்துல 315 பங்கு இருந்துச்சு, இப்ப 420ஐத் தாண்டிருச்சு. ஒரு தலைமுறைக்குள்ள பாடப்புஸ்தகத்துல இருக்கற எண்ணே மாறியிருக்குங்கறதை பசங்ககிட்ட கண்டிப்பா சொல்லணும், நிலக்கரியும் பெட்ரோலும் எரிக்கறதோட பலன் அது. எனக்கு இந்தப் பாடத்துலயே மனசு கனத்துப் போற இடம் இதுதான், அவசரமா கடந்து போகாதீங்க.

கார்பன் டை ஆக்சைடைக் காட்ட சுண்ணாம்புத் தண்ணியை விட நல்லது எதுவும் இல்லை, நம்ம ஊர்ல அதுக்குப் பஞ்சமும் இல்லை. வெள்ளையடிக்கற சுண்ணாம்பு புதுசா ஒரு ஸ்பூன், இல்லன்னா வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பு, ஒரு லிட்டர் தண்ணி பாட்டில்ல போட்டு நல்லா குலுக்கி ராத்திரி முழுக்க தெளிய விட்டு, மேல இருக்கற தெளிஞ்ச தண்ணியை மட்டும் அலுங்காம வேற பாட்டில்ல வடிச்சு இறுக்கி மூடி வைங்க. தொறந்து வெச்சா மேல ஆடை மாதிரி படியும், அதுவும் காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு செஞ்ச வேலைதான், அதையும் பசங்களுக்குக் காட்டலாம். ரெண்டு டம்ளர்ல ஊத்தி ஒண்ணுல ஸ்ட்ரா வெச்சு ஒரு பையன் ஊதட்டும், இன்னொண்ணுல சைக்கிள் பம்பால வெறும் காத்தை அடிங்க. ஊதினது அரை நிமிஷத்துல பால் மாதிரி ஆகிடும், பம்பு அடிச்சது ரொம்ப நேரம் தெளிவாவே இருக்கும். வெறும் காத்துல 0.04, நம்ம மூச்சுல 4 சதவீதம், நூறு மடங்கு வித்தியாசம். ஸ்ட்ராவை உறிஞ்சிடக் கூடாதுன்னு மொதல்லயே கண்டிப்பா சொல்லிடுங்க, கண்ணுல படாமப் பாத்துக்கங்க, சுண்ணாம்புத் தண்ணி கண்ணுக்கு ஆகாது.

பால் மாதிரி ஆனதோட நிறுத்திடாம பையனை இன்னும் ஊதச் சொல்லுங்க. ரொம்ப நேரம் ஊத ஊத அந்தப் பால் நிறம் குறைஞ்சு திரும்பத் தெளிய ஆரம்பிக்கும். பசங்க வாயைப் பொளந்துகிட்டு பாப்பாங்க. மொதல்ல உண்டானது கரையாத கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்தான், இன்னும் கார்பன் டை ஆக்சைடு சேரச் சேர அது கரையற பைகார்பனேட்டா மாறிடுது. பாட்டி வீட்டு பழைய சுண்ணாம்புச் சுவர் வருஷம் போகப் போக இறுகிகிட்டே வர்றதும் இந்தக் கதையோட மொதப் பாதிதான். சூளைல சுண்ணாம்புக்கல்லையும் கிளிஞ்சலையும் சுட்டப்ப வெளிய போன கார்பன் டை ஆக்சைடை சுவரு காத்துல இருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்குது, வாங்கிக் கல்லாயிடுது. ஸ்காட்லாந்துல ஜோசப் பிளாக் 1756ல அச்சுல போட்ட ஆராய்ச்சி இந்த சமாச்சாரத்தைப் பத்தினதுதான், கல்லுக்குள்ள அடைபட்டுக் கிடந்த காத்துங்கறதால அதுக்கு அடைபட்ட காத்துங்கற அர்த்தத்துலயே பேரு வெச்சார்.

இங்கயே ஒரு தப்பான நெனப்பையும் உடைச்சிடுங்க. நாம ஆக்சிஜனை இழுத்து கார்பன் டை ஆக்சைடை விடறோம்னு சொல்லிச் சொல்லி, இழுக்கறது முழுக்க ஆக்சிஜன், விடறது முழுக்க கார்பன் டை ஆக்சைடுன்னு பசங்க எடுத்துக்கறாங்க. விடற மூச்சுலயும் 16 சதவீதம் ஆக்சிஜன் இருக்கு, நைட்ரஜன் போன மாதிரியே 78 சதவீதம் திரும்பி வருது. தண்ணில மூழ்கினவங்களுக்கு வாயோட வாய் வெச்சு ஊதினா உயிர் பிழைக்கறதே அந்த 16 சதவீதத்தாலதான். இதைச் சொன்னா ஒருத்தனும் மறக்க மாட்டான்.

ஆக்சிஜனை தனியா உண்டாக்கிக் காட்டணும்னா மெடிக்கல் ஷாப்ல புண்ணு கழுவ விக்கற ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்குங்க. ஒரு பாட்டில்ல துருவின பச்சை உருளைக்கிழங்கு ரெண்டு ஸ்பூன் போட்டு அது மேல ஊத்துங்க, நுரைச்சுகிட்டு பொங்கும். கொஞ்ச நேரம் விட்டு, ஈர்க்குச்சியைப் பத்த வெச்சு ஊதி அணைச்சு முனைல கங்கு மட்டும் இருக்கற மாதிரி பாட்டில் வாய்க்குள்ள விடுங்க, கங்கு பளிச்சுனு ஆகி திரும்பத் தீ பிடிக்கும். நுரைல குச்சி முட்டிடக் கூடாது, ஈரமாயிடும். இதை நீங்களே செய்யுங்க, பசங்க கையில குடுக்காதீங்க. கங்கு எரிஞ்சதைப் பாத்துட்டு "ஆக்சிஜன் எரியுது"ன்னு சொல்வாங்க, அது தப்பு, எரியறது குச்சி, ஆக்சிஜன் எரிய வெக்குது. ஆக்சிஜனே எரியற வாயுவா இருந்தா 21 சதவீதம் இருக்கற காத்துல ஒரு தீக்குச்சி கிழிச்சாலே என்ன ஆகியிருக்கும்னு அவங்களையே யோசிக்க விடுங்க.

நைட்ரஜனைப் பத்தி பாடத்துல ரெண்டு வரிதான் இருக்கும், ஒண்ணுக்கும் உதவாத வாயு மாதிரி பசங்க கடந்து போயிடுவாங்க. உங்க ஊர் பக்கம் கடலைக் காடு இருக்கும்னா ஒரு செடியை வேரோட பிடுங்கிட்டு வரச் சொல்லுங்க. வேர்ல கடுகு மாதிரி முடிச்சு முடிச்சா இருக்கும், நகத்தால கிள்ளினா உள்ள இளஞ்செவப்பா இருக்கும், நல்லா வேலை செய்யற முடிச்சுக்கு அதுதான் அடையாளம். உள்ள குடியிருக்கற பாக்டீரியா காத்துல இருக்கற நைட்ரஜனைப் பிடிச்சு செடிக்கு உணவாக்குது. நெல்லு நடறதுக்கு முன்னாடி தக்கைப்பூண்டும் சணப்பும் வெதச்சு மடக்கி உழறது இதுக்காகத்தான்னு விவசாயி வீட்டுப் புள்ளைங்க உங்களுக்கே சொல்லும், அதுங்க பேசட்டும். மின்னல் வெட்டறப்பவும் கொஞ்சம் நைட்ரஜன் ஆக்சிஜனோட சேந்து மழையோட மண்ணுக்கு வருது. யூரியா மூட்டைல இருக்கற நைட்ரஜனும் காத்துல இருந்து எடுத்ததுதான், ஜெர்மனில ஃபிரிட்ஸ் ஹேபர் கண்டுபிடிச்ச முறைல 1913ல தொழிற்சாலை ஓட ஆரம்பிச்சது. சிப்ஸ் பாக்கெட்டுக்குள்ள அடைச்சு வெச்சிருக்கறதும் நைட்ரஜன்தான், எண்ணெய் சிக்கு வாடை அடிக்காம இருக்கறதுக்காக.

ஆர்கானுக்கு வருவோம். மிச்சம் ஒரு சதவீதம் "மற்றவை"ன்னு போட்டு முடிச்சிடறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம், ஏன்னா இந்தப் பாடத்துலயே நல்ல கதை அந்த "மற்றவை"லதான் இருக்கு. 1785ல இங்கிலாந்து விஞ்ஞானி கேவண்டிஷ் காத்துல இருந்து ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் மின்பொறி விட்டு விட்டு நீக்கிகிட்டே போனார், கடைசில ஒரு சின்னக் குமிழி மட்டும் போக மாட்டேன்னு நின்னுச்சு, நைட்ரஜன்ல 120ல ஒரு பங்குக்கு மேல இல்லைன்னு எழுதி வெச்சுட்டார். அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல அது என்னன்னு யாரும் கண்டுபிடிக்கல. ராலே பிரபு நைட்ரஜனோட அடர்த்தியை அளக்கறார், காத்துல இருந்து எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.257 கிராம், ரசாயனப் பொருள்ல இருந்து எடுத்தது 1.250 கிராம் கிட்ட. வித்தியாசம் வெறும் 7 மில்லிகிராம் அளவு. அளவுப் பிழைன்னு தள்ளாம 1892ல அவர் அதை வெளிப்படையா எழுதி காரணம் தெரிஞ்சா சொல்லுங்கன்னு கேட்டார். வேதியியல் விஞ்ஞானி ராம்சே சேந்துகிட்டார், 1894ல புது வாயுன்னு ரெண்டு பேரும் அறிவிச்சாங்க, கிரேக்க மொழில சோம்பேறின்னு அர்த்தம் வர்ற மாதிரி ஆர்கான்னு பேரு, எதோடயும் சேராததால. 1904ல ரெண்டு பேருக்கும் நோபல், ஒருத்தருக்கு இயற்பியல்ல, இன்னொருத்தருக்கு வேதியியல்ல. நோட்டுல 17 வந்தா 17ன்னு எழுதச் சொன்னேன் பாருங்க, அதை இந்தக் கதையோட சேத்துச் சொல்லுங்க.

ஆர்கான் நம்ம தெருவுலயே இருக்கு. "இங்கு ஆர்கான் வெல்டிங் செய்யப்படும்"னு போர்டு பாக்காத பையன் கிடையாது. உருகற உலோகத்து மேல ஆக்சிஜன் படாம இந்த வாயுவை ஊதி மூடிக்கறாங்க. உங்க வகுப்பறை 20 அடிக்கு 20 அடி, 10 அடி உசரம்னா உள்ள இருக்கற காத்தோட எடை கிட்டத்தட்ட 136 கிலோ வரும், ஏன்னா ஒரு கன மீட்டர் காத்து 1.2 கிலோ. அதுல ஆர்கான் மட்டும் ஆயிரம் லிட்டர், ஒரு சின்டெக்ஸ் டேங்க் நிறைய. கார்பன் டை ஆக்சைடு 80 கிராம் சொச்சம்தான், ஆனா நாப்பது பசங்க ஜன்னலைச் சாத்திகிட்டு உக்காந்தா அது மளமளன்னு கூடும், மத்தியான வகுப்புல தூக்கம் வர்றதுல அதுக்கும் பங்கு உண்டு.

எடை விஷயத்துல ஒரு எச்சரிக்கை. குச்சியோட ரெண்டு பக்கமும் ஊதின பலூன் கட்டி ஒண்ணை உடைக்கற சோதனை நம்ப முடியாதது. பலூனுக்குள்ள இருக்கற காத்தை வெளிக் காத்து ஏறக்குறைய அதே அளவுக்கு மிதக்க வெச்சிடும், உள்ள அமுக்கி அடைச்ச கொஞ்சம் எக்ஸ்ட்ரா காத்தோட எடைதான் காட்டும், சில சமயம் அசையவே அசையாது. அதுக்குப் பதிலா ஃபுட்பால் எடுத்து, உருண்டையா வந்த நிலைல ஒரு கிராம் காட்டற டிஜிட்டல் தராசுல நிறுங்க, அப்புறம் பம்பால நல்லா கல்லு மாதிரி அடிச்சுட்டு நிறுங்க, நாலஞ்சு கிராம் கூடியிருக்கும்.

நீராவியை மறந்துடாதீங்க. புஸ்தகத்துல இருக்கற சதவீதம் எல்லாம் உலர்ந்த காத்துக்கு, உங்க நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்ல புழுக்கமான நாள்ல காத்துல 3 சதவீதம் வரைக்கும் நீராவியே இருக்கும், ஆர்கானை விட மூணு மடங்கு. ஐஸ் தண்ணி டம்ளர் வெளிப்பக்கம் வேர்க்கறதைக் காட்டினா "தண்ணி கசியுது மிஸ்"ன்னு ஒருத்தனாவது சொல்வான், அதனால உள்ள நீல இங்க் கலந்துடுங்க, வெளிய படியறது நிறமே இல்லாம இருக்கும்.

மலை மேல ஆக்சிஜன் சதவீதம் கம்மின்னு கிட்டத்தட்ட எல்லாருமே சொல்றாங்க, அதுவும் தப்பு. ஊட்டிலயும் எவரெஸ்ட் உச்சிலயும் 21தான், காத்தே மெல்லிசா இருக்கு, ஊட்டில முக்கால் பங்கு, எவரெஸ்ட்ல மூணுல ஒரு பங்கு அழுத்தம்தான். அதே மாதிரி அரசமரம் ராத்திரில ஆக்சிஜன் விடும், புளியமரம் விஷக்காத்து விடும்னு பேச்சு வரும். வெளிச்சம் இல்லாம எந்த மரமும் ஆக்சிஜன் தயாரிக்காது, ராத்திரில எல்லா மரமும் நம்மள மாதிரி மூச்சு விடுது, அது விடற கார்பன் டை ஆக்சைடு திறந்த வெளில ஒரு பொருட்டே இல்லை.

வாயுவைப் பிரிக்கறதுன்னா என்னன்னு கேட்டா 2021 கொரோனா சமயத்து ஆக்சிஜன் தட்டுப்பாட்டை ஞாபகப்படுத்துங்க, அந்தப் புள்ளைங்க சின்ன வயசா இருந்திருக்கும், ஆனா வீட்ல பேசினது காதுல விழுந்திருக்கும். காத்தைக் குளிரக் குளிர வெச்சு திரவமாக்கி, மெல்ல சூடேத்தினா நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரில, ஆர்கான் மைனஸ் 186ல, ஆக்சிஜன் மைனஸ் 183ல தனித்தனியா கொதிச்சுப் பிரியும், ஆஸ்பத்திரிக்கு டேங்கர்ல வர்ற ஆக்சிஜன் இப்படி எடுத்ததுதான். அப்ப மகேந்திரகிரில ராக்கெட் எஞ்சினுக்காக இஸ்ரோ வெச்சிருந்த திரவ ஆக்சிஜன் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் போச்சு. உயிர் காத்தது வேற எங்க இருந்தும் வரல, நம்மளைச் சுத்தி இருக்கற இதே காத்துல இருந்து வந்ததுதான்.

பரீட்சையை நெனச்சுக் கவலைப்படாதீங்க. 78, 21, 0.9, 0.04ங்கறது துருவும் கிராஃப் ஷீட்டும் செஞ்ச புள்ளைங்களுக்கு தானா வரும். மெழுகுவர்த்தி சோதனையை கேள்வில கேட்டா, எரிய ஆக்சிஜன் தேவைங்கறதை எழுதச் சொல்லுங்க, அது உண்மைதான்.

அந்த மூணாவது டம்ளர் இருக்கே, ரெண்டு மடங்கு இரும்பு போடறது, அதை அந்தப் பையன் கையாலயே கவுத்து வெக்கச் சொல்லுங்க. திங்கட்கிழமை காலைல ஸ்கேல் வெச்சு அளக்கறதும் அவனே அளக்கட்டும்.